எல்சிஎல்லில் போன சாரன் பெட்டிகள் நனைந்துவிட்டன: எவ்வளவு கேட்கலாம், எத்தனை நாளுக்குள்?

மருதமுனைத்தறி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கப்பல் சரக்குச் சட்டம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

சரக்கு கைத்தறிச் சாரன், 42 கார்ட்டன். ஒரு கார்ட்டனில் 40 சாரன், நிறை 18 கிலோ, இன்வொய்ஸ் விலை சாரன் ஒன்று 3,500 ரூபா. கொழும்பிலிருந்து இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு எல்சிஎல் (பலருடைய சரக்கு ஒரே கொள்கலனில்), சிஐஎஃப் விலை (கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்தது). கொள்கலனுக்குள் ஏற்றியது ஃபோர்வார்டரின் (சரக்கு அனுப்பும் முகவரின்) களஞ்சியத்தில், அவர்களின் ஆட்கள். லண்டனில் வாங்குபவரின் கையில் கிடைத்து இன்றோடு 5 நாள். 11 கார்ட்டனின் மேல்மூடியில் தண்ணீர்க் கறை, உள்ளே பூஞ்சணம். பொலித்தீன் சுற்றியிருந்ததால் அப்போது தெரியவில்லை, குறிப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டார்.

ஃபோர்வார்டரின் பதில்: இது கொள்கலன் வியர்வை (உள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்து நீராகிச் சொட்டுவது), பருத்தித் துணியின் இயல்பான குறை, எங்கள் பொறுப்பல்ல, ஆனாலும் கிலோவுக்கு 2 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு) படி 198 கிலோவுக்கு 396 எஸ்டிஆர் தருகிறோம், தீர்வுக் கடிதத்தில் ஒப்பமிடுங்கள். காப்புறுதிக் கொம்பனி, எடுத்திருப்பது 'சி' பிரிவு (குறைந்தபட்சக் காப்பு), இதற்குப் பணம் இல்லை என்கிறது. நட்டம் 11 × 40 × 3,500 = 15,40,000 ரூபா. கிலோவுக்கு 2 என்பதுதான் சட்டமா? கையெழுத்துப் போட்டு எடுத்ததால் வழக்குப் போய்விட்டதா?

வாவிக்கரை

நாநா, அந்தத் தீர்வுக் கடிதத்தில் நீங்களும் ஒப்பமிட வேண்டாம், வாங்குபவரும் ஒப்பமிட வேண்டாம். முழுத் தீர்வு என்று அதில் எழுதியிருந்தால் அதோடு கதை முடிந்தது.

கையெழுத்துப் போட்டதால் எதுவும் போய்விடவில்லை. ஹேக்-விஸ்பி விதிகளின்படி (கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகள்) வெளியே தெரியும் சேதத்தை எடுக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், தெரியாத சேதத்தை 3 நாளுக்குள். அந்த 3 நாள் தவறினால் வரும் விளைவு ஒன்றே ஒன்று: சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், அது அப்படியல்ல என்று நீங்கள் காட்ட வேண்டும். உரிமை அழிவதில்லை. அதனால் இன்றே எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். பில் (கப்பல் சரக்குப் பத்திரம்) இலக்கம், கொள்கலன் இலக்கம், 11 கார்ட்டனின் அடையாளம், சேதத்தின் தன்மை, கூட்டுப் பரிசோதனைக்கு அழைப்பு, இவ்வளவும் இருந்தால் போதும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

சேவேயர் (சேதத்தைப் பரிசோதிப்பவர்) வரும்வரை 11 கார்ட்டனையும் புறம்பாக வைத்து, காய்ந்த 31இல் ஒன்றிரண்டை ஒப்பிடுவதற்குத் திறக்காமல் விடச் சொல்லுங்கள். கறை எங்கே விழுந்திருக்கிறது என்பதில்தான் காரணம் கிடக்கிறது. மேல் அடுக்கின் மூடியில் மட்டும் சொட்டுச் சொட்டாக இருந்தால் கூரையிலிருந்து விழுந்த வியர்வை. கீழடுக்கின் அடி ஊறியிருந்தால் தரையில் தேங்கிய தண்ணீர். ஒரே பக்கமாக வழிந்திருந்தால் சுவரில் துளை அல்லது கதவு ரப்பர் பழுது. ஒவ்வொரு பலட்டையும் (கார்ட்டன் அடுக்கும் தட்டு) நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும்.

சில்வர் நைத்திரேற்றுப் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். கறையில் ஒரு சொட்டு விட்டால் பால்போல வெள்ளையாகத் திரண்டால் உப்பு இருக்கிறது, கடல் நீர். மாற்றம் இல்லாவிட்டால் மழை நீர் அல்லது வியர்வை. ஆனால் துணியில் பார்க்கக் கூடாது. சாயம் முக்கும்போது உப்புப் போடுவதால் நனையாத சாரனும் வெள்ளையாகக் காட்டலாம். கார்ட்டன் மட்டையில்தான் பார்க்க வேண்டும், பக்கத்தில் காய்ந்த கார்ட்டன் மட்டையிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட வேண்டும்.

நட்டத்தைக் குறைக்கும் கடமை உங்கள் பக்கத்துக்கும் உண்டு. பரிசோதனை முடிந்ததும் பூஞ்சணம் ஏறாத சாரன்களைப் பிரித்துக் காயப் போட்டு, குறைந்த விலைக்காவது விற்று, அந்தத் தொகையைக் கழித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

கல்முனைச்சட்டம்

கிலோவுக்கு 2 என்பது சட்டத்தின் பாதிதான். விதி சொல்வது: பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்டிஆர், அல்லது சேதமான சரக்கின் கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது கூடவோ அது. இரண்டாவது பாதியை மட்டும் காட்டியிருக்கிறார்கள். எஸ்டிஆரின் பெறுமதியைச் சர்வதேச நாணய நிதியத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். இங்கே ஒன்று 400 ரூபா என்று வைத்துப் பார்ப்போம்.

நிறைப்படி 396 எஸ்டிஆர், 1,58,400 ரூபா. கார்ட்டனே பொதி என்றால் 11 × 666.67 = 7,333 எஸ்டிஆர், 29 லட்சத்துக்கு மேல். இது உச்சவரம்பு மட்டுமே, உங்கள் நட்டம் 15.4 லட்சம் என்பதால் முழுவதையும் கேட்கலாம். ஆனால் பலட்தான் பொதி என்று அவர்கள் வாதாடி, 11 கார்ட்டனும் 2 பலட்டில் இருந்திருந்தால் 1,333 எஸ்டிஆர், ஏறக்குறைய 5,33,000 ரூபா. ஒரே சரக்கு, பில்லில் எழுதிய ஒரு வரியைப் பொறுத்து மூன்று தொகை. அந்த வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஃபோர்வார்டருக்குக் கடிதம் எழுதும்போது தேவைப்படும். இலங்கையில் 1982ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க கடல்வழிப் பொருட்கள் காவுதல் சட்டம் ஹேக்-விஸ்பி விதிகளைக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதே விதிகளை நடைமுறைப்படுத்துகிறது. 1968இல் வரம்பு பொதிக்கு 10,000 பொன் பிராங்க், கிலோவுக்கு 30 பிராங்க் என்று இருந்தது, 1979 உடன்பாடுதான் அதை எஸ்டிஆருக்கு மாற்றியது. பெரிய கப்பல் கொம்பனிகள் பலவற்றின் பில்லில் ஆங்கிலச் சட்டமும் லண்டன் நீதிமன்றமும் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் பில்லின் பின்பக்கத்தில் அந்த வாசகம் இருந்தால் எஸ்டிஆர் கணக்குத்தான். சட்டம் தரும் பொறுப்பைவிடக் குறைத்துப் பின்பக்கத்தில் எதை அச்சடித்தாலும் அது செல்லாது, விதிகளின் மூன்றாம் உறுப்புரை அதைத் தெளிவாகச் சொல்கிறது.

மருதமுனைத்தறி

பில்லில் இருப்பது: "3 பலட், 42 கார்ட்டன் கைத்தறிச் சாரன் உள்ளதாகக் கூறப்பட்டது". ஃபோர்வார்டரின் சொந்த ஹவுஸ் பில், மேலே ஃபியாட்டா (ஃபோர்வார்டர்களின் சர்வதேசச் சங்கம்) என்று போட்டிருக்கிறது. "கூறப்பட்டது" என்ற சொல்லால் 42 என்ற எண்ணிக்கை செல்லாமல் போகுமா?

கல்முனைச்சட்டம்

போகாது. கொள்கலனிலோ பலட்டிலோ அடுக்கிய சரக்குக்கு, பில்லில் எண்ணிக் குறிப்பிட்ட பொதிகளே பொதிகள் என்று விஸ்பி திருத்தம் சொல்கிறது. 42 என்று எழுதியிருப்பதால் கார்ட்டன்தான் பொதி என்று வாதாட உங்களுக்கு நல்ல பிடி இருக்கிறது. 2018இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம், ஸ்பெயினிலிருந்து ஜப்பானுக்குப் போன உறைந்த சூரை மீன் வழக்கில், மேர்ஸ்க் டாஞ்சியர் என்ற கப்பலின் பெயரால் அறியப்படுவது, எண்ணிக்கையை இன்ன வடிவத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை என்று தீர்த்தது. மீன் துண்டங்களையே தனித்தனி அலகாக எண்ணினார்கள். "கூறப்பட்டது" என்பதால் வரும் பாரம் வேறு: 42 கார்ட்டன் உண்மையில் உள்ளே போனதை நீங்கள் ஆவணத்தால் காட்ட வேண்டும். எல்சிஎல்லில் அவர்களின் ஆட்களே எண்ணி எடுத்து ஏற்றியதால் களஞ்சியப் பற்றுச்சீட்டு, சிடிஎன் (சரக்கு அனுப்பற் குறிப்பு), பொதிப் பட்டியல் மூன்றும் போதும்.

இனி 'வியர்வை, இயல்பான குறை' என்ற பதில். இதை வைத்துத்தான் பெரும்பாலான சிறிய ஏற்றுமதியாளர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன். 2018 டிசம்பரில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோட்) வொல்காஃபே வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கொலம்பியாவிலிருந்து ஜேர்மனிக்குக் கோப்பி மூட்டை. காற்றோட்டமில்லாத கொள்கலன்கள், உள்ளே கிராஃப்ட் கடதாசி விரித்து, காவுபவர் தரப்பே ஏற்றியது. கூரையில் வியர்த்துச் சொட்டி மூட்டை நனைந்தது. கோப்பி ஈரம் விடும், அது அதன் இயல்பு என்று காவுபவர் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நல்ல நிலையில் பெற்ற சரக்கு கெட்ட நிலையில் போய்ச் சேர்ந்தால், தான் உரிய கவனம் எடுத்ததைக் காவுபவர்தான் நிரூபிக்க வேண்டும். இயல்பான குறை என்ற விதிவிலக்கில் ஒதுங்குவதென்றாலும், தன் கவனக்குறைவு காரணமல்ல என்று காட்டும் பாரம் அவருடையதே. கடதாசி எத்தனை மடிப்பு, எவ்வளவு தடிப்பு என்பதற்கே சாட்சியம் கேட்டார்கள்.

உங்கள் விடயம் அதே அச்சு. அவர்கள் ஏற்றினார்கள், அவர்கள் கொள்கலனைத் தெரிந்தெடுத்தார்கள். ஆகவே எழுத்தில் கேளுங்கள்: கொள்கலனை ஏற்றுமுன் பரிசோதித்த பதிவு எங்கே? உலர்த்திப் பை எத்தனை, எந்த அளவு போட்டீர்கள்? கூரைக்குக் கீழ் என்ன விரித்தீர்கள்? அதே கொள்கலனில் வேறு யாருடைய சரக்கு, ஈரம் விடும் பொருளா? கடைசிக் கேள்வி எல்சிஎல்லில் மிக முக்கியம். பச்சை மரமோ தேங்காயோ பக்கத்தில் இருந்தால் சாரனின் இயல்பைப் பற்றிப் பேச அவர்களுக்கு இடமே இருக்காது.

ஆனால் இந்த வாதம் நிற்பது ஒரே காலில்: சரக்கு கொழும்பில் காய்ந்த நிலையில் கைமாறியது. மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகும் சரக்குக்கு இங்கேதான் ஓட்டை. ஹபரணைப் பாதையால் மாரி மழையில் லொறி போய், படங்கு ஒழுகி, நனைந்த கார்ட்டன் மேல் காய்ந்து களஞ்சியத்துக்குள் போயிருந்தால் காவுபவருக்கு அதுவே பதில். கப்பல் விதிகள் ஏற்றுவதிலிருந்து இறக்குவது வரைதான், லொறிப் பயணத்துக்குப் பொருந்தாது. தரைவழிக் காவுவோருக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழியாக ஆங்கிலச் சட்டமே பொருந்துகிறது, அது தனி வழக்கு. களஞ்சியப் பற்றுச்சீட்டில் 'ஈரம்', 'கிழிசல்' போன்ற குறிப்பு இல்லையென்றால் அதை ஸ்கான் பண்ணி உடனே எடுத்து வையுங்கள்.

வாவிக்கரை

ஃபியாட்டா பில் என்றதால் ஒரு அவசரம். அதன் அச்சு நிபந்தனையில் வழக்குப் போடும் காலம் 9 மாதம், தெரியாத சேதத்துக்கு அறிவித்தல் 6 நாள். இன்று 5ஆம் நாள். கடல் பகுதிக்கு ஹேக்-விஸ்பி கட்டாயமாகப் பொருந்தினால் 1 வருடம் கிடைக்கும் என்று வாதாடலாம். அந்த வாதத்தை நம்பி இருக்கவே கூடாது, 9 மாதம் என்றே கலண்டரில் குறியுங்கள்.

மின்னஞ்சலில் எத்தனை முறை கேட்டாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. ஒன்று உரிய நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும், அல்லது கால நீடிப்பை எழுத்தில் பெற வேண்டும். நீடிப்பைத் தர வேண்டியவர் பில்லில் காவுபவராகக் கையெழுத்திட்டவர். லண்டனில் சரக்கை விடுவித்த முகவர் தரும் நீடிப்பு அவரைக் கட்டுமா என்பதே பிறகு ஒரு வழக்காகிவிடும்.

அடுத்தது, யார் கேட்பது? பில்லை வாங்குபவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால், பிரித்தானிய 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்காடும் உரிமையும் அவரோடு போய்விடும், அனுப்பியவருக்கு ஒப்பந்த உரிமை மிஞ்சாது. சிஐஎஃப் விலையில் சரக்குக் கப்பலில் ஏறியதும் ஆபத்தும் வாங்குபவருடையதே. அவர் உங்கள் இன்வொய்ஸில் 15 லட்சத்தைக் கழிக்கப் பார்த்தால், அதற்கு முன் கோரிக்கை உரிமையை உங்கள் பெயருக்கு எழுத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது அவர் பெயரிலேயே கோரிக்கை போகட்டும். அனுப்பியவரும் பெற்றவரும் ஆளுக்கொரு கடிதம் எழுதி, இரண்டிலும் வேறுவேறு தொகை இருந்தால் ஃபோர்வார்டருக்கு வேலை லேசாகிவிடும்.

காத்தான்குடி_காகோ

காப்புறுதியைப் பற்றி. இன்கொடேர்ம்ஸ் (சர்வதேச வணிக நிபந்தனைச் சொற்கள்) 2020இல் சிஐஎஃப் கேட்பது குறைந்தபட்சம் 'சி' பிரிவு. 'சி' தீ, மூழ்குதல், தரைதட்டல், மோதல் போன்றவற்றுக்கு. கொள்கலனுக்குள் தண்ணீர் புகுவது அதில் இல்லை. 'பி' பிரிவில் கடல் நீர் புகுவது உண்டு, வியர்வை இல்லை. கைத்தறிக்கு 'ஏ' பிரிவுதான் எடுக்க வேண்டும், விலைக்குமேல் 10 வீதம் சேர்த்து. சிஐபி (காவுகூலியும் காப்புறுதியும் விற்பவர் கட்டும் இன்னொரு விலை முறை) என்று விலை பேசினால் 'ஏ' பிரிவு கட்டாயம், கொள்கலன் சரக்குக்கு அதுவே பொருத்தமும்கூட. 'ஏ' எடுத்தாலும் தாமதத்தால் வரும் நட்டத்துக்குப் பணம் இல்லை. 2023 நவம்பருக்குப் பின் செங்கடலைத் தவிர்த்து ஆபிரிக்காவைச் சுற்றும் கப்பலில் பருவம் தவறிப் போன சரக்குக்கு இதுதான் நிலை.

ஆனால் 'சி' எடுத்தது வீண் இல்லை. ஜெனரல் அவரேஜ் என்ற பொது இழப்புப் பங்கு அதில் அடங்கும். 2024 மார்ச் 26இல் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பல் கொழும்புக்கு வரவிருந்தது, அதன் உரிமையாளர் பின்னர் ஜெனரல் அவரேஜ் அறிவித்தார். அப்படி அறிவித்தால் உங்கள் பெட்டி ஒன்றுகூட நனையாவிட்டாலும் கப்பலைக் காப்பாற்றிய செலவில் பங்கு கொடுக்க வேண்டும். காப்புறுதி இருந்தால் கொம்பனியின் உத்தரவாதக் கடிதமும் அவரேஜ் பொன்டும் (பங்கைக் கட்டுவோம் என்ற உறுதிமொழி) கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். இல்லாவிட்டால் காசு வைப்புச் செய்யும்வரை சரக்கை விடமாட்டார்கள்.

வாழைச்சேனை_நண்டு

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். வாவி நண்டு உயிரோடு விமானத்தில் சிங்கப்பூருக்கு, 120 கிலோ, இடைத்தங்கலில் விமானம் தவறி ஏறக்குறைய எல்லாம் இறந்தால் இதே கணக்கா?

கல்முனைச்சட்டம்

இல்லை தம்பி, விமானத்துக்கு மொன்ட்ரியால் உடன்படிக்கை. இலங்கை 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை உள்வாங்கியது, சிங்கப்பூரும் உறுப்பு நாடு. சரக்குக்கு வரம்பு கிலோவுக்கு 22 எஸ்டிஆராக இருந்தது, 2024 டிசம்பர் 28 முதல் 26. 120 × 26 = 3,120 எஸ்டிஆர். பழைய 22ஐ இன்னும் சில கடிதங்களில் எழுதுகிறார்கள், ஏற்க வேண்டாம். பொதிக் கணக்கு இங்கே கிடையாது. காவுபவர் வேண்டுமென்றே செய்திருந்தாலும் சரக்கின் வரம்பு உடையாது, உடைக்க ஒரே வழி ஏர்வே பில்லில் (விமானச் சரக்குப் பத்திரத்தில்) பெறுமதி அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்டுவது. 'காவுதலுக்கான அறிவித்த பெறுமதி' என்ற பெட்டியில் வழக்கமாக என்விடி என்று அடித்துவிடுவார்கள், பெறுமதி அறிவிக்கவில்லை என்று பொருள். பண்டிகைக் காலத்து விலையில் நண்டு போகிறதென்றால் முன்பதிவின்போதே அதை மாற்றச் சொல்ல வேண்டும்.

காலம் மிகக் கறார். சேதத்துக்கு 14 நாள், தாமதத்துக்கு 21 நாள், எழுத்தில் முறைப்பாடு. கப்பல் விதிபோல இங்கே மன்னிப்பு இல்லை, தவறினால் வழக்கே கிடையாது. நண்டு இறந்தது சேதம், ஆகவே 14. வழக்குக்கு 2 வருடம். எதிர்த்தரப்பு சொல்லப்போவது இயல்பான குறையும் பொதிசெய்த குறையும்தான். அதற்குப் பெட்டிக்குள் வெப்பப் பதிவுக் கருவி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒப்படைத்த நேரம், ஐஏடிஏ (விமானக் கொம்பனிகளின் சர்வதேசச் சங்கம்) உயிர்விலங்கு விதிப்படி பொதிசெய்த படம் மூன்றும் வேண்டும். வாழைச்சேனையிலிருந்து கட்டுநாயக்க வரையுள்ள லொறி ஓட்டம் இந்த உடன்படிக்கைக்கு வெளியே, அங்கே இறந்தவற்றைச் சேர்த்துக் கேட்டால் முழுக் கோரிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகும். இன்னொன்று: கடல்வழி விதிகளில் உயிருள்ள விலங்கு அடங்காது. உயிர் நண்டைக் கப்பலில் அனுப்பலாமா என்று யாராவது கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

மருதமுனைத்தறி

ஜசாக்கல்லாஹ். அறிவித்தல் இன்று போய்விட்டது, 9 மாதத் திகதியும் குறித்தாயிற்று. களஞ்சியப் பற்றுச்சீட்டில் ஈரம் என்ற குறிப்பு இல்லை. அடுத்த தொகுதி கார்த்திகையில் போக வேண்டும், பொதி செய்வதில் என்ன மாற்ற வேண்டும்?

வாவிக்கரை

மழை நாளில் மடித்த சாரனை அன்றே மூட வேண்டாம், கஞ்சி போட்ட நூல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உள்ளே பொலித்தீன் உறை, கார்ட்டன் ஐந்து மடிப்பு. மரப் பலட்டில் ஐஎஸ்பிஎம் 15 (பூச்சி நீக்கிய மரம் என்பதற்கான சர்வதேச அடையாளம்) முத்திரை இல்லாமல் பிரித்தானியாவுக்குள் விடமாட்டார்கள். முத்திரை இருந்தாலும் பலட் ஈரமாக இருக்கலாம், மரத்தின் ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே என்று ஈரமானியால் பார்த்து எடுங்கள். பலட்டின் மேல் ஒரு மட்டை மூடி வைத்த பிறகு பொலித்தீன் சுற்றினால் கூரைச் சொட்டு மட்டையில் நிற்கும்.

ஏற்றும் நாளில் உங்கள் ஆள் ஒருவர் களஞ்சியத்தில் நின்று, வெறும் கொள்கலனுக்குள் போய்க் கதவைச் சாத்தி வெளிச்சம் எங்காவது தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஊசித் துளையும் நட்சத்திரம்போலத் தெரியும். பில்லின் வரைவு வரும்போது பலட்டைப் பின்னுக்குத் தள்ளி, "42 கார்ட்டன், 3 பலட்டில் அடுக்கியது" என்று எழுதுவியுங்கள். பொதி எண்ணிக்கை என்ற கட்டத்துக்குள்ளும் 3 அல்ல, 42 வர வேண்டும். கப்பல் புறப்பட்ட பிறகு அதைத் திருத்தக் கேட்டால் கட்டணமும் எடுப்பார்கள், நாளும் இழுக்கும்.